பதினைந்து நாள் வலி

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கோப்பில் என் இடுப்பு வலிக்கு வயது பதினைந்து நாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்றும் அதில் எழுதியிருந்தது. நான் எந்தக் குளியலறையிலும் வழுக்கி விழவில்லை. வலிக்கு அப்போது ஆறு வருடம் முடிந்து ஏழாவது நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு பொய்யும் எப்படிக் கோப்புக்குள் போயின, அவற்றை வெளியே எடுக்க நான் என்ன பாடு பட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். இப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறது. கோபமும் இன்னும் ஆறவில்லை. எழுதுவதற்கு இரண்டும் போதும்.

என் பெயர் பர்வீன். ஊர் உத்தமபாளையம். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்குக் கம்பத்தில் வாழைக்காய் மண்டி. நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். இது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்க்கப் போகிறார். டாக்டர் எழுதிய குறிப்பு கணினி வழியாக எனக்கு வரும். ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு உண்டு. குறிப்பைப் படித்து அதற்குரிய குறியீட்டைப் போட வேண்டியது என் வேலை. காப்பீட்டு நிறுவனம் நோயாளியின் முகத்தைப் பார்க்காது, அந்தக் குறியீட்டைத்தான் பார்க்கும். பயிற்சியின் முதல் நாளே எங்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள்: எழுதப்படாதது நடக்கவில்லை. நோயாளி டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கலாம். டாக்டர் எழுதவில்லை என்றால் எங்கள் கணக்கில் அவர் அழவில்லை. அன்றைக்கு வகுப்பில் எல்லோரும் சிரித்தோம்.

வலி எனக்கு இருபத்திரண்டு வயதில் தொடங்கியது. முதுகின் அடியில், புட்டத்துக்குள் ஆழத்தில். ஒரு வாரம் இடது பக்கம் இருக்கும், அடுத்த வாரம் வலது பக்கம் போய்விடும். காலையில் எழுந்தால் முதுகு கட்டையாகிக் கிடக்கும். பாயை விட்டு எழுந்திருக்கவே அரை மணி நேரம் ஆகும். நடந்து, குனிந்து, நாலு வேலை செய்தால் மெல்ல இளகும். மதியத்துக்கு மேல் நான் சாதாரண மனுஷி. மற்றவர்களுக்கு ஓய்வெடுத்தால் வலி குறையும், எனக்கு ஓய்வெடுத்தால் கூடும். இந்தத் தலைகீழ்க் கணக்கை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

கவனித்தது அம்மா மட்டும்தான், அதையும் தப்பாகக் கவனித்தார். விடியற்காலை சுபுஹு தொழுகையில் குனிந்து நிற்கவோ நெற்றியைத் தரையில் வைக்கவோ என்னால் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து தொழுவேன். மதியம் லுஹர் தொழுகைக்கு மற்றவர்களைப் போலத் தரையில் தொழுதுவிடுவேன்.

"காலைல நாக்காலி, மத்தியானம் மட்டும் தரையா?" என்பார் அம்மா. "எந்திரிக்கச் சோம்பேறித்தனம். அதுக்கு ஒரு வலி, அதுக்கு ஒரு நாக்காலி."

ஆறு வருடமும் இதைக் கேட்டேன். எனக்கே அது நடிப்போ என்று சில நாள் சந்தேகம் வந்திருக்கிறது.

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. மூன்று பேரைப் பார்த்தோம். முதலாமவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் என்றார், நாற்காலியை மாற்றினோம். இரண்டாமவர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார். மூன்றாமவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசினார். "பொண்ணுக்கு வரன் பாக்கறீங்களா? ஒரு பிள்ளை பெத்துட்டா எல்லாம் சரியாயிரும்." பிள்ளை பெற்றால் முதுகு எப்படிச் சரியாகும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் இரண்டு முறை வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கத்தியால் குத்துவதுபோல் ஆனது. கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொண்டே, "முதுகு வலி ஏதும் உண்டா?" என்று கேட்டார். ஆறு வருடத்தில் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள். பக்கத்தில் இருந்த அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். வெளியே வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இல்ல டாக்டர்" என்றேன். மற்றவர்கள் சொன்ன பொய்யை எழுதப்போகிற நான் இதை மறைக்கக் கூடாது. அது நான் சொன்ன பொய்.

கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது என்றால் அதுவும் பாதிப் பொய்யாகும். கண்ணும் முதுகும் சேர்ந்து வருகிற அந்த நோய்க்கு நான் எத்தனையோ அமெரிக்கர்களுக்குக் குறியீடு போட்டிருக்கிறேன். M45. விரலுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பாயிலிருந்து எழவே முடியவில்லை. அத்தா கார் பிடித்துத் தேனிக்குக் கொண்டுபோனார். சக்கர நாற்காலியில் என்னை வைத்து உள்ளே தள்ளினார்கள். அனுமதிக்கும் இடத்தை ஒட்டி மருந்தகம். அங்கே பொறுப்பில் இருந்தவர் நூர் முகமது மாமா. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெரியகுளத்திலிருந்து எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் இவர். அத்தாவைப் பார்த்ததும் மருந்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன பாய், பிள்ளைக்கு என்னா செய்யிது?"

அத்தா வாயைத் திறப்பதற்குள் பணியில் இருந்த இளம் டாக்டரும் வந்தார். "எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"பதினஞ்சு நாளாத்தான் டாக்டர்," என்றார் அத்தா, நூர் முகமது மாமாவைப் பார்த்தபடி. "பாத்ரூம்ல வழுக்கிருச்சு. அதுக்கு முன்ன ஒண்ணுமே கிடையாது. தங்கமான உடம்பு."

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இது பொய் என்றே கணக்கில் வராது. பெண் பிள்ளைக்கு நாள்பட்ட நோய் என்று சொல்லவே மாட்டார்கள், எந்த மதத்து வீடானாலும் சரி. சர்க்கரையா, நேற்றுத்தான் வந்தது. வலிப்பா, வெயிலில் மயக்கம். விழுந்தேன் என்றால் விபத்து, விபத்து யாருக்கும் வரும். ஆறு வருடம் என்றால் அது ரத்தத்தில் இருப்பது, குடும்பத்துக்கே ஆகாது. அத்தா கெட்டவர் இல்லை. அவர் என்னைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் கூடுகிறது.

நான்கு நாள் வார்டில் இருந்தேன். அம்மா வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தார். வீட்டில் நாற்காலிக்காகத் திட்டியவர், இங்கே என்னைக் கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போய் வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றார். குமுளிப் பக்கத்து மலையாள நர்ஸ் ஒருவர் "மோளே" என்று கூப்பிட்டு, ஊசி போடுமுன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அடுத்த கட்டிலில் சுருளிப்பட்டி அம்மா ஒருவர், திராட்சைப் பந்தலிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர். இரண்டாம் நாள் நான் நடைபாதையில் நாலு தடவை நடந்துவிட்டு வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, நீ நடந்தா நல்லாருக்க, படுத்தா கெட்டுப்போற. விழுந்த வலி இப்படியா இருக்கும்? எனக்கு அசைஞ்சாலே உயிரு போகுது."

அந்த வார்டில் நான்கு நாளில் என் நோயைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதை எழுதிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு சுருக்க அறிக்கையும் கோப்பின் நகலும் கொடுத்தார்கள். இரண்டையும் நான் முழுதாகப் படித்தேன், தொழில் புத்தி. நோய்: விழுந்ததால் ஏற்பட்ட இடுப்புச் சுளுக்கு. குறியீடு S33.5. எஸ்ஸில் தொடங்கினால் அடிபட்டது. எம்மில் தொடங்கினால் எலும்பும் மூட்டும் தசையும் தாமாகக் கெட்டது. அனுமதிக்கும்போது நர்ஸ் எழுதிய "பதினைந்து நாள், வழுக்கி விழுந்தது" என்ற வரியை இளம் டாக்டர் அப்படியே நகலெடுத்திருந்தார். எக்ஸ்ரே கேட்ட சீட்டிலும் அதே வரி. பெரிய டாக்டரின் குறிப்பிலும் அதே வரி, அதே எழுத்துப் பிழையோடு. எக்ஸ்ரே அறிக்கையின் கடைசியில் மட்டும், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் ஓரங்கள் தெளிவாக இல்லை, கவனிக்கவும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ரத்தத்தில் அழற்சி கூடியிருந்ததற்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் இருந்தது.

கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறொன்று உறைத்தது. இந்தக் கோப்பு அமெரிக்காவிலிருந்து என் மேசைக்கு வந்திருந்தால் நானும் S33.5 என்றுதான் போட்டிருப்பேன். சந்தேகம் இருந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப எங்களுக்கு வழி உண்டு. அனுப்பினால் அன்றைய கோப்பு எண்ணிக்கை குறையும், மேலாளர் கேட்பார். அதனால் அனுப்ப மாட்டோம். எத்தனை பேருடைய ஆறு வருடத்தை நான் பதினைந்து நாளாக்கி அனுப்பினேனோ தெரியாது.

மதுரைக்குப் போவதென்று நானே முடிவெடுத்தேன். மூட்டு வாத மருத்துவர் ஒரு பெண். அம்மா கூட வந்தார், அவரை வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். எப்போது வலி அதிகம், எழுந்ததும் எப்படி, உட்கார்ந்தால் எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தலைத்துணியைப் பார்த்துவிட்டு, "தொழும்போது எப்படிம்மா?" என்றார். நாற்காலிக் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சுபுஹுக்கு நாற்காலி, லுஹருக்குத் தரை. இத இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல டாக்டர்."

"இது ஒண்ணு போதும்மா, பாதி நோய் தெரிஞ்சுபோச்சு."

உடம்பின் காவல் படை வெளியாரை விட்டுவிட்டுச் சொந்த மூட்டைத் தாக்குகிறது என்று அவர் விளக்கினார். முதுகெலும்பின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கிற மூட்டில்தான் அது தொடங்கும். அங்கே வீங்கி, ஆறி, வீங்கி, ஆறி, கடைசியில் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேலே ஏறும். கவனிக்காமல் விட்டால் முதுகு ஒரே கம்பாகிவிடும், திரும்பிப் பார்க்கவும் முடியாது. ஸ்கேன் எடுத்தார்கள், மரபணு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டும் அவர் சொன்னதையே சொல்லின. M45. மாத்திரைகள் மாற்றி மாற்றிக் கொடுத்தும் அழற்சி அடங்கவில்லை. இனி அந்தக் காவல் படையை அடக்குகிற ஊசிதான் வழி, சீக்கிரம் போட்டால் ஒட்டாமல் தடுக்கலாம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது என்றார். ஆறு வருடம் கழித்து என்னை ஒருவர் நம்பியதில் எனக்கு அழுகை வந்தது.

அந்த ஊசி எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. அலுவலகக் காப்பீட்டுக்கு எழுதினோம். பத்தாம் நாள் மறுத்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: முந்தைய மருத்துவமனைப் பதிவின்படி நோயாளிக்கு வலி பதினைந்து நாள், விழுந்ததால் வந்தது, நாள்பட்ட நோய்க்கான ஆதாரம் பொருந்தவில்லை. மதுரை டாக்டர் கடிதம் எழுதினார். முதல் பதிவைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்லவும் எனக்கு வழியில்லை. எழுதப்படாதது நடக்கவில்லை, நான் படித்த பாடம்தானே.

தேனிக்குப் போனேன். பதிவுப் பிரிவில் இருந்தவர், "கம்ப்யூட்டர்ல பூட்டியாச்சும்மா, டாக்டர் எழுதினாத்தான் திறக்கும்" என்றார். பெரிய டாக்டரைப் பிடித்தேன்.

"உங்க வீட்டு ஆள் சொன்னதத்தானே நாங்க எழுதினோம்? நாங்களா கதை கட்டினோம்? அவரையே கூட்டிட்டு வாங்க. வந்து மாத்திச் சொல்லட்டும், கூடுதல் குறிப்பு எழுதித் தர்றேன்."

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயது, வலி என்னுடையது, என்னிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்போது எனக்கும் தோன்றவில்லை. நேரே கம்பத்துக்குப் போய் மண்டியில் அத்தாவிடம் சொன்னேன்.

அத்தா வாழைத்தார்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரெண்டு மாசம் பொறும்மா. பெரியகுளத்துக்காரவுக தேதி பாத்துட்டு இருக்காக. நிக்காஹ் முடியட்டும். அப்புறம் ஆறு வருசம்னு சொல்லு, அறுவது வருசம்னு சொல்லு."

"அந்த ரெண்டு மாசத்துல எலும்பு ஒட்டிக்கிட்டா, அவுக வந்து பிரிச்சு விடுவாகளா அத்தா?"

"அங்கன மாப்பிள்ளையோட மாமு உக்காந்திருக்காரு. அவரு காதுல விழாம எப்படிச் சொல்றது?"

"எனக்கு முதுகு கூனுனா அவரு கண்ணுல விழாதா?"

மண்டியில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தா முகம் கறுத்துப்போனது. எங்கள் வீட்டில் நான் அப்படிப் பேசியதே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சாப்பிடும்போது அம்மா அத்தாவிடம் சொன்னார்: "அவ காலைல நாக்காலில உக்காந்தத நான் ஆறு வருசமா பேசுனேன். நாளைக்கு நீங்க போய்ப் பேசுங்க."

போனோம். பெரிய டாக்டர் அறையில் உட்காரவைத்தார். கதவு திறந்தே இருந்தது, எதிரே மருந்தகம். நூர் முகமது மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சொல்லுங்க பாய். உண்மையில எத்தனை நாள்?"

அத்தா தொண்டையைச் செருமினார். "பதினஞ்சு நாளுன்னு சொன்னது தப்புதான் டாக்டர். ஒரு ஆறு மாசமா இருக்கும்."

"அத்தா," என்றேன்.

"சரி, ஒரு வருசம் போட்டுக்கங்க."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். மண்டியில் தாருக்கு விலை பேசுவதுபோல என் அத்தா என் வலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றரை என்றார். அப்புறம் ரெண்டு, அதுக்கு மேல் இல்லை என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

"டாக்டர், அவரை விடுங்க. வலி எனக்கு. என்னையக் கேளுங்க."

டாக்டர் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். ஆறு வருடத்தையும் சொன்னேன். இடது பக்கம், வலது பக்கம், கண், நாற்காலி, மேசைக்கு அடியில் அம்மா மிதித்தது, நான் இல்லை என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. மருந்தகத்தில் மருந்து வாங்க நின்றவர்கள் வரைக்கும் கேட்டிருக்கும். குளியலறையில் நான் விழவே இல்லை என்பதைக் கடைசியாகச் சொன்னேன். அத்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கூடுதல் குறிப்பில், தகவல் தந்தவர் என்ற இடத்தில் தந்தை என்பதை அடித்து, நோயாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே பெரியகுளத்திலிருந்து போன் வந்தது. கொஞ்சம் யோசிக்கிறோம் என்றார்களாம். யோசித்து முடித்த தகவல் இன்றுவரை வரவில்லை. அத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. காப்பீட்டு அனுமதி அதற்கடுத்த வாரம் வந்தது.

முதல் ஊசியை மதுரையில் போட்டார்கள். இரண்டாவதை அவர்கள் கடிதத்தோடு தேனியிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும், மருந்தகத்தின் குளிர்பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். அதை ஒரு சிறிய ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு நூர் முகமது மாமாவே நான் இருந்த அறைக்கு வந்தார். அனுப்ப ஆள் இல்லாமல் இல்லை. எனக்கு முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வரனைக் கலைத்த மனிதர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மருந்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, நர்ஸ் வெளியே போகும்வரை நின்றார்.

"ஏம்மா, அந்த மதுரை டாக்டரம்மா நம்பர் இருக்கா?"

"யாருக்கு மாமா?"

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எம் மகளுக்குத்தான். காலைல எந்திரிக்க முடியல. நீ அன்னைக்கி டாக்டர்கிட்ட சொன்னது அப்படியே அவளுக்கு இருக்கு. வெளிய தெரிய வேணாம்மா, அவளுக்கும் வரன் பாத்துட்டு இருக்கோம்."

போனைக் கையில் எடுத்தேன். நம்பரைத் தேடவில்லை.

"எத்தனை நாளா மாமா?"

"ஒரு மாசமாத்தான்."

போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கையிலிருந்த ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"நாலு வருசம்," என்றார்.

நம்பரைக் கொடுத்தேன்.